எங்கப்பா டாக்டர் இல்லீங்க

மூன்று முறை இங்கிலீஷில் தோற்றுவிட்டு ராஜாம்பாள் என்னிடம் வந்து சேர்ந்தபோது, எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இரக்கம் வந்தது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவரைப் பற்றிய கதையில் பொய் எழுதுவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

என் பெயர் அத்தியா. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்காரர் ஷேக் மைதீனுக்கு ஒரு ஸ்டேஷனரி கடை இருக்கிறது. நோட்டு, பேனா, ஒரு ஜெராக்ஸ் மெஷின், கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் நாலைந்து ஆல்பம். கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் நடத்துகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இல்லை. என்றைக்கோ படிப்பை விட்டுவிட்டு, இன்றைக்கு ஒரு வேலைக்காகவோ பதவி உயர்வுக்காகவோ ‘பத்தாவது பாஸ்’ என்ற காகிதத்துக்கு அலைகிற பெரியவர்களுக்கு. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள் பாயில் கால் மடக்கி உட்கார்ந்து என்னிடம் திட்டு வாங்குவார்கள். நான் திட்டுவேன். அது ஊருக்கே தெரிந்த விஷயம். தெரிந்துதான் வருகிறார்கள்.

ராஜாம்பாளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்தால் அவருடைய ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடமாகச் சத்துணவு சமைக்கிறார். ஒன்பதாவது வரை படித்தவர். மற்றப் பாடங்களையெல்லாம் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டார். இங்கிலீஷ் மட்டும் இருபத்திரண்டு, இருபத்தாறு, இருபத்தொன்பது என்று முப்பத்தைந்தைத் தொடாமல் நொண்டிக்கொண்டே வந்தது.

“எதுக்குங்க்கா இந்த வயசுல?” என்று முதல் நாள் கேட்டேன். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. சம்பளம், பென்ஷன் என்று ஏதாவது சொல்வார்கள். அவர் சாவி என்றார்.

பள்ளிக்கூடத்து அரிசி, பருப்பு, எண்ணெய் இருக்கிற அறையின் சாவி சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கும். அமைப்பாளர் அம்மா கீழே வடக்கனந்தலில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். போன கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு, மலைப்பாதையில் மரம் விழுந்து, மூன்று நாள் பஸ் ஏறவில்லை. மலையூர்ப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் வந்துவிட்டார்கள். அரிசி உள்ளே இருந்தது. பூட்டு வெளியே தொங்கியது.

“அறுவத்தி மூணு புள்ளைங்க டீச்சர். அடுப்ப பத்த வச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். ஒல கொதிக்குது. போட அரிசி இல்ல. சுவத்துக்கு அந்தாண்ட மூட்ட மூட்டயா இருக்குது. மூணாம் நாளு பூட்ட ஒடச்சிரலாம்னு கல்ல எடுத்துட்டேன். எங்க வூட்டுக்காரருதான் கையப் புடிச்சிக்கினாரு.”

அமைப்பாளர் அம்மா ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். பத்தாவது பாஸ் செய்திருந்தால் அந்த இடத்துக்கு ராஜாம்பாளின் பெயரை அனுப்பலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் மறுபடியும் கீழேயிருந்து ஒருத்தர் வருவார், சாவியும் அவரோடு பஸ்ஸில் போய் வரும். ஜூலை துணைத்தேர்வுதான் கடைசி வாய்ப்பு. கையில் இருந்தது எட்டு ஞாயிற்றுக்கிழமை.

அவரோடு கூடவே இளவரசன் என்று ஒருவர் வந்தார். பக்கத்து மலையூர்க்காரர். வனத்துறையில் தற்காலிக வாட்சர். அவருக்கும் பணி நிரந்தரத்துக்குப் பத்தாவது வேண்டும். வாய் ஓயாது. எதையும் தப்பாகத்தான் எழுதுவார், ஆனால் எதையும் விடாமல் எழுதுவார். இப்படிப்பட்டவர்களைப் பாஸ் செய்ய வைப்பது சுலபம். எழுதினால்தானே மார்க் போட முடியும்?

சின்னச் சின்ன வாக்கியங்கள் இரண்டை ஒன்றாகச் சேர்ப்பதுதான் என் வகுப்பில் முதல் பாடம். அது கைவந்துவிட்டால் கடிதம், கட்டுரை எல்லாம் தானாக நீளும். ‘எ மேன் கேம். ஹி சோல்ட் ஹனி.’ ஒரு ஆள் வந்தான், அவன் தேன் விற்றான். இதைச் சேர்க்க வேண்டும்.

“நாம இன்னா சொல்வோம்? ‘தேன் வித்த ஆளு வந்தான்’னு சொல்வோம். ஆளைப் பத்தின சங்கதிய ஆளுக்கு முன்னால வைக்கிறோம். இங்கிலீஷ்காரன் பின்னால வைக்கிறான், அவ்வளவுதான். முதல்ல ஆளைக் கூப்புடு. அப்புறம் ‘ஹூ’ன்னு ஒரு கொக்கி போடு. சங்கதிய அதுல மாட்டு. ‘தி மேன் ஹூ சோல்ட் ஹனி கேம்.’ ஆளுன்னா ஹூ. மாடு, மரம், சாமான்னா விச். நாம ஒருத்தரை ஏதாவது பண்ணினா ஹூம்.”

வகுப்பிலேயே முதலில் பிடித்துக்கொண்டவர் ராஜாம்பாள். வாயால் கேட்டால் டக்டக்கென்று வரும். ‘தினமும் லேட்டா வர்ற பஸ்’, ‘யானை முறிச்ச பலா மரம்’, ‘பூட்ட ஒடைக்க விடாத புருசன்’ என்று தமிழில் நான் எதைக் கொடுத்தாலும் ஒரு நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிடுவார். இவர் எப்படி மூன்று முறை தோற்றார் என்று எனக்குப் புரியவில்லை. விடைத்தாள் திருத்துகிறவர்கள்மேல் சந்தேகம் வந்தது.

ஐந்தாவது ஞாயிறு ஒரு பரீட்சை வைத்தேன். பழைய கேள்வித்தாள்களிலிருந்து பொறுக்கிய இருபது ஜோடி வாக்கியங்கள், ஒரு கடிதம். ராஜாம்பாள் பதிமூன்று ஜோடியைப் பிசகில்லாமல் சேர்த்திருந்தார். ஏழு ஜோடியை விட்டிருந்தார். கடிதத்தைத் தொடவே இல்லை. நேரம் போதவில்லையா என்றால், முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. “இன்னாங்க்கா இது? ‘மை ஃபாதர் இஸ் எ டாக்டர். ஹி வொர்க்ஸ் இன் சேலம்.’ பச்சைக் குழந்தைகூடச் சேர்க்கும். இதை விட்டுட்டு இதைவிடக் கஷ்டமானதெல்லாம் எழுதியிருக்கீங்க!”

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். “எங்கப்பா டாக்டர் இல்லீங்க.”

இளவரசன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. விட்டிருந்த ஏழு ஜோடியையும் வரிசையாகப் பார்த்தேன். என் அண்ணன் பட்டாளத்தில் இருக்கிறான். என் மாமா எனக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார். நான் டெல்லிக்குப் போனேன். எல்லாம் ‘என்’, எல்லாம் ‘நான்’. கடிதமும், கடிகாரம் கொடுத்த மாமாவுக்கு நன்றி சொல்லி எழுதுவது.

‘மை’ என்பதை அடித்துவிட்டு ‘ஹெர்’ என்று மாற்றிக் கொடுத்தேன். அவள் அப்பா டாக்டர். அரை நிமிடத்தில் சேர்த்து எழுதிவிட்டார்.

“யாரோ ஒருத்தி அப்பா டாக்டரா இருந்துட்டுப் போறாரு. எனக்கு இன்னா வந்துச்சி?” என்றார். “எங்கப்பாவ டாக்டருன்னு நான் எப்டிங்க எழுதறது?”

மூன்று பரீட்சையிலும் இதைத்தான் செய்திருக்கிறார். தெரியாமல் தோற்றவரை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தெரிந்தே தோற்றவர் இவர் ஒருவர்தான்.

“அக்கா, இது பரீட்சை. அவங்களுக்கு உங்கப்பா யாருன்னு தெரியணும்னு ஆசை இல்ல. வாக்கியத்தைச் சேர்க்கத் தெரியுதான்னு பார்க்கறாங்க.”

“அப்ப எதுக்குங்க அந்தக் காகிதத்துல என் போட்டோ போட்டிருக்குது? எதுக்கு என் கையெழுத்து வாங்கறாங்க?”

உண்மையிலேயே விடைத்தாளின் முதல் பக்கத்தில் எழுதுகிறவரின் போட்டோ இருக்கிறது. கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஆள்மாறாட்டம் நடக்காமல் இருப்பதற்கு என்று நமக்குத் தெரியும். போட்டோவும் கையெழுத்தும் இருக்கிற காகிதம் என்றால் ராஜாம்பாளுக்கு அது பத்திரம் மாதிரி.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்தபிறகு அவரை இருக்கச் சொன்னேன். ஷேக் மைதீனும் டீயோடு மேலே வந்தார். என் கோபத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிற பொறுமை அவருக்கு உண்டு.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றோம்” என்று ஆரம்பித்தேன்.

“சொல்றதுதானுங்களே டீச்சர். எழுதறதில்லையே” என்றார் ராஜாம்பாள். “பத்திரிகையில யாராச்சும் பொய் போடுவாங்களா?”

ஷேக் மைதீன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். “எங்கிட்ட அடிக்கிற பத்திரிகையில பாதிப் பேரு எம்.பி.ஏ.தான்மா. அதுல முக்காவாசிப் பேரு காலேஜ் வாசலையே பாத்ததில்ல.”

“அத அவங்க பாத்துக்குவாங்க” என்றார் ராஜாம்பாள்.

பிறகு அவராகவே சொன்னார். அவர் பிள்ளையாக இருந்தபோது கீழேயிருந்து ஒரு ஆள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கு விதைக்குச்சி தருவதாக மலைக்கு வந்திருக்கிறான். விதைக்குக் கணக்கு வைக்க ஒரு காகிதம் என்று சொல்லியிருக்கிறான். இங்கிலீஷ் காகிதம். அவருடைய அப்பா விரலை மையில் தோய்த்து ரேகை வைத்தார். விதை வந்தது. ஒரு போகம் கழித்து அந்த ஆளும் வந்தான். மூன்று ஏக்கர் காட்டை இருபது வருடத்துக்கு விட்டுக் கொடுத்ததாகக் காகிதத்தில் இருந்தது. காகிதத்தைப் படித்துச் சொல்ல மலையில் யாரும் இல்லை. படித்துச் சொன்னவர்கள் எல்லோரும் அந்த ஆளின் ஆட்கள்.

“அதுக்கப்புறந்தான் எங்க ஊர்ல ஊர்க்கட்டுப்பாடா ஒரு கட்டு வச்சாங்க. காகிதத்துல யாரு கை வச்சாலும், வைக்கறதுக்கு முன்ன, ‘இது இன்ன காகிதம், இதுல இருக்கறது இன்னது’ன்னு மூணு பேரு காதுல விழற மாரி சொல்லணும். சொல்லிட்டுத்தான் கை வைக்கணும். பேங்க்குல லோன் காகிதத்துக்குக்கூட அப்டித்தான் சொல்லிட்டுப் போடுவோம். மேனேஜரு சிரிப்பாரு. சிரிச்சா சிரிக்கட்டும்.”

“அப்ப விடைத்தாள் மேலயே ஒரு வரி எழுதி வச்சிடட்டுங்களா?” என்று கேட்டார். “‘இதுல எங்கப்பான்னு வர்றது எங்கப்பா இல்ல’ன்னு?”

நான் பாயிலிருந்து எழுந்தே விட்டேன். விடைத்தாளில் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தை எழுதினாலும், திருத்துகிறவருக்கு அடையாளம் காட்டுவதற்காக எழுதியது என்று சொல்லிப் பரீட்சையையே ரத்து செய்துவிடுவார்கள். அதை நான் எல்லோரிடமும் முதல் நாளே சொல்வேன். பிள்ளையார் சுழிகூட வேண்டாம் என்பேன். “எழுதினீங்க, அவ்வளவுதான். அடுத்த பரீட்சையும் எழுத விடமாட்டாங்க. சத்தியம் பண்ணுங்க, எழுதமாட்டேன்னு.”

“எழுதமாட்டேன்” என்றார். அவர் சொன்னால் எழுதமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினையே.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு கடைசி மாதிரித் தேர்வு. மறுபடியும் ஆறு காலி. கடிதம் காலி. எட்டு வாரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரு அங்குலம் நகரவில்லை. எனக்குப் பொறுமை அறுந்துவிட்டது.

“உங்க உண்மைய நீங்களே வச்சி அழகு பாருங்க” என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். “அடுத்த மழைக்கும் பூட்டு தொங்கும். பிள்ளைங்க பசியோட வூட்டுக்குப் போகட்டும். நீங்க உத்தமியா ஒல கொதிக்க வச்சிக்கினு ஒக்காந்திருங்க. என் நேரத்தை எதுக்கு வீணாக்கறீங்க? போங்க.”

அவர் நோட்டை மூடி, பேனாவை அதற்குள் வைத்து, பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். வெள்ளிமலை பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பார்.

“ஜாஸ்தி பேசிட்ட” என்றார் ஷேக் மைதீன். அவர் என்னைக் குறை சொல்வது வருடத்துக்கு ஒரு முறை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் பண்ணலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

இங்கிலீஷ் பரீட்சை அன்று, என்றைக்கும் இல்லாத அதிசயமாக, தேர்வு மையத்து வாசலுக்கே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் மலை பஸ் தாமதம். மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ராஜாம்பாளும் இளவரசனும் ஓடி வந்தார்கள். ராஜாம்பாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வாசல் புளியமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை.

இளவரசன்தான் முதலில் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“டீச்சர், அக்கா இன்னா பண்ணிச்சி தெரியுமா?”

உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டேன். “எழுதி வச்சிட்டாங்களா?”

“எழுதலீங்க. எந்திரிச்சி நின்னுச்சி.”

இரண்டு பேருக்கும் ஒரே அறை. கேள்வித்தாளைக் கொடுத்து, எழுத ஆரம்பிப்பதற்கு முன் படித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். அந்த நேரத்தில் ராஜாம்பாள் எழுந்து நின்றிருக்கிறார். மேற்பார்வைக்கு வந்தவர் வயதான வாத்தியார் ஒருவர். பாத்ரூம் போகணுமாம்மா என்று கேட்டிருக்கிறார்.

“‘இல்லீங்க சார், எழுதறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும்’னுச்சி. ‘இது பரிச்சை காகிதம். இதுல எங்கப்பா, எங்க மாமா, நான்னு வர்றதெல்லாம் கேள்வியில இருக்கறவங்க. எங்க வூட்டு ஆளுங்க இல்ல. வாக்கியம் சேக்கறதுக்காக எழுதறேன். கேட்டுக்குங்க’ன்னுச்சி. எல்லாம் கொல்லுன்னு சிரிச்சிட்டாங்க டீச்சர். எனக்கே வெக்கமாப் பூட்டுது.”

“வாத்தியார் திட்டினாரா?”

“திட்டல. அக்கா பெஞ்சுகிட்ட வந்தாரு. அப்புறம் ‘கேட்டுக்கினேன்மா, ஒக்காந்து எழுது’ன்னாரு. அக்கா ஒக்காரல. ‘மூணு பேரு கேக்கணுங்க’ன்னுச்சி.”

“அல்லாவே” என்றேன்.

“தண்ணி குடுக்கற அம்மா வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சி. வாத்தியாரு அதக் கூப்புட்டாரு. ‘இந்தம்மா சொல்றத நீயும் கேட்டுக்க’ன்னாரு. அக்கா திருப்பி மொதல்லருந்து சொல்லிச்சி. ‘ரெண்டாச்சி, இன்னொருத்தர் யாரு’ன்னு வாத்தியாரு ரூம்ப பாக்கறாரு. ஒருத்தனும் சிரிக்கல இப்ப. நான் கையத் தூக்கிட்டேன் டீச்சர். எங்க மலையில கட்டுன கட்டு, நான் தூக்காம எவன் தூக்குவான்?”

சொல்லிவிட்டு மறுபடியும் கையைத் தூக்கிக் காட்டினார், சிரிக்காமல். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிற ஆள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரமாக நான் ராஜாம்பாளை ‘ஹெர்’ரிலிருந்து ‘மை’க்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் ஊர்க் கட்டுப்பாட்டையே பரீட்சை அறைக்குள் கொண்டுபோய், ஒரு சட்டத்தையும் மீறாமல் வேலையை முடித்துவிட்டார். அது எனக்கு ஏன் தோன்றவில்லை? அறைக்குள் வாயைத் திறந்தாலே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தே பழகியவள் நான்.

ராஜாம்பாள் கடைசி ஆளாக வெளியே வந்தார். கையெல்லாம் மை.

“முழுசா எழுதிட்டேங்க” என்றார். “மாமாவுக்கு லெட்டர்கூட எழுதிட்டேன். கடியாரம் நல்லா ஓடுதுன்னு.”

“அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்பு” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

“பேசினது தப்புதானுங்க” என்றார் அவர். பெருந்தன்மைக்காக ‘அதெல்லாம் இல்லை’ என்று சொல்லவில்லை. “ஆனா புள்ளைங்க பசின்னு சொன்னது நெசந்தானே. பஸ்ஸுல போகறப்ப அத நெனச்சிக்கினே போனேன். எழுதக்கூடாதுன்னீங்க, சரி. சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லலையேன்னு அப்பத்தான் பட்டுது.”

முடிவு வந்த அன்று அவருடைய பதிவு எண்ணை என் போனில் நான்தான் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தேழு. இளவரசனுக்கு முப்பத்தாறு. ராஜாம்பாளுக்குப் போன் போட்டால் எடுத்தது ஒரு பிள்ளை. பின்னால் தட்டுச் சத்தமும் கூச்சலுமாக இருந்தது. ஆயா சோறு போட்டுக்கினு இருக்குது, அப்புறம் பேசும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. சமையல்காரரை அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடுமாம்.

செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் ராஜாம்பாள் கடைக்கு வந்தார். அமைப்பாளர் பணிக்கான உத்தரவு கையில் இருந்தது. மூன்று நகல் எடுக்க வேண்டும். ஷேக் மைதீன் அதை வாங்கி, கண்ணாடியில் வைத்து மூடி, இரண்டு நகல் கூடுதலாகவே போட்டார். ராஜாம்பாள் ஒரு பையில் சாமை அரிசி கொண்டுவந்திருந்தார். பொறுப்பு ஏற்றுக்கொண்டு நாலு நாள் ஆகிறதாம். பழைய அமைப்பாளர் அம்மா சாவியைக் கொடுக்கும்போது இந்தப் பூட்டு மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் விடு என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அவரை மேலே அழைத்துப்போய் உட்கார வைத்து டீ கொடுத்தேன். நாங்கள் இருவரும் தனியாகப் பேசுவது அதுதான் முதல் தடவை. பரீட்சையில் சேர்க்கச் சொல்லி வந்த வாக்கியம் எது என்று அப்போதுதான் கேட்டேன். கேள்வித்தாள் என்னிடமே இருந்தது. அவர் வாயால் கேட்க ஆசையாக இருந்தது.

“அப்பாதாங்க வந்தாரு” என்றார். “என் அப்பா ஒரு டாக்டர். ஊரே அவரை மதித்தது. இத சேக்கணும்.”

“எப்படிச் சேர்த்தீங்க?”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வகுப்பில் எழுந்து நிற்பதுபோல முதுகை நேராக்கிக்கொண்டார். “மை ஃபாதர், ஹூம் தி ஹோல் வில்லேஜ் ரெஸ்பெக்டட், வாஸ் எ டாக்டர்.”

“ரொம்பச் சரி” என்றேன்.

“நீங்க சொல்லிக் குடுத்தீங்களே, நம்ம பேச்சுல அத முன்னால வைப்போம்னு. அப்டி வச்சிப் பாத்தேங்க. ‘ஊரே மதிச்ச எங்கப்பா.’” டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். “அதுல ரெண்டுமே பொய் டீச்சர். அவரு டாக்டரும் இல்ல, ஊரு அவர மதிக்கவும் இல்ல. அந்தக் காகிதத்துக்கப்புறம் அவரு ஊர்க்கூட்டத்துல போயி ஒக்காந்தா, ‘ரேகை வந்துட்டான், காகிதத்த மறச்சி வைங்கடா’ன்னு சிரிப்பாங்க. நான் சின்னப் புள்ள, அவரு பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன். அவருஞ் சேந்து சிரிப்பாரு. ஊர்ல கட்டு வச்சாங்கன்னு சொன்னேனே, அந்தக் கட்டுக்கே எங்கப்பா பேருதான். ரேகைக் கட்டு. சாவற வரைக்கும் அவருக்கு வேற பேரே இல்ல.”

“எழுதறப்ப கஷ்டமா இருந்துச்சா அக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

“பொய்யின்னு மூணு பேருகிட்ட முன்னாடியே சொல்லிட்டேனுங்களா, அதனால பயமில்ல. எழுதிட்டேன். எழுதிட்டு ஒரு வாட்டி படிச்சேன்.” அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நல்லா இருந்துச்சிங்க. மணியடிக்க இன்னும் நேரம் இருந்துச்சி. அதயே திருப்பித் திருப்பிப் படிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்.”